விறகைத் தட்டிப் பார்க்கும் ஊர்

ஜோத்பூரை விட்டுத் தென்கிழக்கே போகும் சாலையில் கல் அறுக்கும் பட்டறைகளின் இரைச்சல் ஓய்ந்ததும் மரங்கள் தொடங்குகின்றன. தோப்பு இல்லை. கம்பு அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று இடம் விட்டுத் தனித்தனியாக நிற்கின்றன. டிராக்டர் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிக்கொண்டு போன தடம் மணலில் வளைந்து கிடக்கிறது. "கேஜ்ரி" என்றார் வண்டியோட்டி. இறங்கிப் போய்ப் பொடி இலையையும் முள்ளையும் வெடித்த பட்டையையும் பார்த்ததும் தெரிந்துவிட்டது, வன்னி. விருத்தாசலத்தில் தலமரமாக நிற்பது. பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்தின்போது ஆயுதங்களை ஒளித்துவைத்ததாகப் பாரதம் சொல்வது. நவராத்திரி முடிவில் சுவாமி அம்பு போடப் போகும் மரம். நம் ஊர்களில் கோயில் பிராகாரத்தில் ஒன்றோ இரண்டோ பார்த்துக் கும்பிட்ட மரத்தை வயல் வயலாகப் பார்த்தபோது, இந்த ஊரே ஒரு பிராகாரம்தானோ என்று தோன்றியது.

நான் போனது கேஜர்லிக்கு. ஜோத்பூரிலிருந்து சுமார் 26 கிலோமீட்டர். மரத்தின் பெயரையே ஊருக்கும் வைத்திருக்கிறார்கள். பிஷ்னோய் மக்கள் வாழும் இந்தப் பகுதியைப் பற்றி இந்தியாவில் பள்ளிக்கூடம் போன பலரும் ஒரு பத்தியாவது படித்திருப்பார்கள்: மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரைக் கொடுத்தவர்கள். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். ஒரே ஒரு நாள் நடந்த அந்த மாபெரும் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சாதாரண நாட்களில் இவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் ஊரை ஒட்டிய ஒரு தாணியில் தங்கினேன். தாணி என்றால் வயலுக்குள்ளேயே கட்டிக்கொண்ட வீடு. வட்டமான கூரைக் குடிசை இரண்டு, காரை வீடு ஒன்று, மாட்டுக்கொட்டில், மழைநீரைச் சேர்த்துவைக்கும் நிலத்தடித் தொட்டி, எல்லாவற்றையும் சுற்றி முள்வேலி. அடுத்த தாணி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

வீட்டுப் பெரியவரை எல்லோரும் பாசா என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைப்பாகை. வாசலில் என்னைப் பார்த்ததும் கைகூப்பி "நிவண் பிரணாம்" என்றார். அது இவர்களுக்குள் வழங்கும் வணக்கம். வீட்டு மருமகள் என்னை "பாயிசா" என்று கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனாள். நான் அவளைப் பாபி என்றேன். ஜோத்பூரில் கல்லூரி முடித்துவிட்டு வந்த பேரன்தான் மார்வாடியை எனக்கு இந்தியில் சொல்லும் துணை.

மார்கழிக்கு முந்தைய குளிர். பாலைவனத்துக் குளிர் எலும்பில் இறங்கும். விடிவதற்கு வெகு முன்னரே முற்றத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். பாசா குளித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகு பாபி, பிறகு பேரன். காய்ச்சல் கண்டவர் தவிர இந்த வீட்டில் குளிக்காமல் யாரும் எதையும் தொடுவதில்லை. தண்ணீர் அபூர்வமான மண்ணில் தினமும் அதிகாலையில் குளிப்பது என்பது சின்னக் கட்டளை அல்ல. குளித்தபின் பாசா எரு வறட்டித் தணலை ஒரு மண்சட்டியில் எடுத்துவைத்து, அதில் நெய்யும் கொப்பரைத் துண்டும் இட்டார். பிஷ்னோய் வழியை வகுத்த குரு ஜம்பேஷ்வரரின் வாக்குகளாக வழங்கும் 'சபத்'களில் சிலவற்றைச் சொன்னார். மொத்தம் 120 சபத்கள் உண்டாம். சிலை இல்லை, பூ இல்லை, மணி இல்லை. வணங்குவது விஷ்ணுவை, முன்னால் இருப்பது நெருப்பு மட்டும். அந்த நெருப்புக்கும் விறகு இல்லை, வறட்டிதான் என்பதை அப்போது நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அடுக்களையில்தான் கவனித்தேன். பாபி தொட்டித் தண்ணீரை இரண்டாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டிக் குடத்தில் விட்டாள். இதில் என்ன என்று தோன்றலாம். நம் பாட்டிமார்களும் வடிகட்டினார்கள். ஆனால் வடிகட்டி முடித்ததும் அவள் துணியை உதறவில்லை. அதை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய், துணியின் மேல்பக்கத்தைத் தொட்டித் தண்ணீராலேயே மெதுவாக அலசி, அலசிய நீரைத் தொட்டிக்குள் விட்டாள். வடிகட்டியது குடிப்பவருக்காக மட்டும் அல்ல. துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் தரையில் விழுந்து காய்ந்து செத்துவிடக் கூடாது, வந்த இடத்துக்கே போக வேண்டும். பாலையும் வடிகட்டினாள். அடுப்புக்கு வறட்டியோடு கொஞ்சம் உதிர்ந்த சுள்ளியும் வைத்திருந்தாள். ஒவ்வொரு சுள்ளியையும் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, திருப்பிப் பிடித்து மறுபடி தட்டி, பிளவுக்குள் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைத்தாள். ஒன்றிலிருந்து எறும்புகள் கொட்டின. அந்தச் சுள்ளியைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பேச்சு நிற்கவில்லை, கை நிற்கவில்லை. எறும்புகளைப் பார்த்து முகத்தில் கருணை எதுவும் படரவுமில்லை. அரிசி களைவது எப்படியோ அப்படி அது ஒரு சமையல் வேலை.

இதற்கெல்லாம் மூலம் ஒரு பஞ்ச காலம். ஜம்போஜி என்று இவர்கள் அன்போடு சொல்லும் குரு ஜம்பேஷ்வரர் 1451-ல் நாகௌர் பக்கத்துப் பீபாசர் ஊரில் பிறந்தவர். பல ஆண்டுகள் மாடு மேய்த்தவர். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மார்வாரைக் கடும் வறட்சி பிடித்தது. மழை பொய்த்த ஊர்களில் மக்கள் இருந்த மரத்தை வெட்டினார்கள், எதிர்ப்பட்ட பிராணியைத் தின்றார்கள், கடைசியில் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊரையே விட்டுப் போனார்கள். 1485-ல், இன்றைய பிகானேர் மாவட்டத்தில் உள்ள சம்ராத்தல் மணல்மேட்டில், அவர் தன்னைத் தேடி வந்தவர்களுக்கு 29 நியமங்களைக் கொடுத்தார். இருபதும் ஒன்பதும் சேர்ந்ததே பிஷ்னோய் என்ற பெயர். 1536-ல் அவர் மறைந்தார். அவர் அடங்கிய முகாம் என்ற இடத்துக்குப் மாசியிலும் புரட்டாசியிலும் வரும் அமாவாசைகளில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் நெய்யும் கொப்பரையும், பறவைகளுக்குத் தானியமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அந்த 29-ஐ பேரன் ஒரு மூச்சில் ஒப்பித்தான். பாதி, எந்தச் சமயத்திலும் உள்ளவை: பொய், களவு, கோள், வீண் வாதம் கூடாது, பொறுமையும் பணிவும் வேண்டும். காலை மாலை வழிபாடு, அமாவாசை விரதம், தன் கையால் சமைத்த உணவு, அபின், புகையிலை, கஞ்சா, மது, இறைச்சி விலக்கு. இவற்றுக்கு நடுவே, கொஞ்சமும் வேறுபடுத்திக் காட்டாமல், அதே குரலில் வருகின்றன மற்றவை. பச்சை மரத்தை வெட்டாதே. எல்லா உயிரிடமும் இரக்கம் காட்டு. தண்ணீரையும் பாலையும் வடிகட்டு, விறகைச் சுத்தம் பார். காளைக்குக் காயடிக்காதே. ஆட்டுக்கிடாக்களைக் கசாப்புக்கு விற்காமல் பொதுக் கொட்டிலில் வைத்துக் கடைசிவரை காப்பாற்று. நீலத் துணி உடுத்தாதே.

கடைசியில் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. நான் புறப்பட்டு வந்த ஜோத்பூர் நீல நகரம் என்றே பெயர் பெற்றது. கோட்டைப் பாறையின் மேலிருந்து பார்த்தால் பழைய நகரத்தின் வீடுகள் நீலமாகப் பரந்து கிடக்கும். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில், அந்த நிறத்தை உடம்பில் படவிடாத மக்கள். காரணம் கேட்டேன். அந்தக் காலத்தில் நீலச் சாயம் அவுரிச் செடியிலிருந்து வந்தது, ஒரு துணியைச் சாயமேற்றக் கட்டுக் கட்டாகச் செடியை அறுக்க வேண்டும், அதனால்தான் என்றார் பாசா. இதற்கு வேறு விளக்கங்கள் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் இன்று சாயம் ஆலையிலிருந்து வருகிறது, செடிக்கு ஆபத்தில்லை என்று நான் சொன்னபோது, பாபி தன் சிவப்பு ஓடனியை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "கட்டவில்லையென்றால் என்ன குறைந்துவிட்டது, பாயிசா?"

வயலில் நடந்தபோது பாசா வன்னியைப் பற்றிப் பேசினார். மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். ஜேஷ்ட மாத வெயிலில் மற்றதெல்லாம் கருகும்போது இது புது இலை விடும். வேர் நேராக ஆழத்தில் இறங்கி நீரை எடுத்துக்கொள்வதால் மேல்மண்ணில் உள்ள ஈரத்துக்குப் பயிரோடு போட்டியிடாது. மரத்தடிக் கம்புக் கதிர் வெட்டவெளிக் கதிரைவிடத் திரட்சியாக இருக்கும். அவரைக் குடும்பத்து மரமாதலால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். காய்ந்த இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். பிஞ்சுக் காய் சாங்கிரி. காயவைத்து ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ளலாம். அதையும் கேர் என்ற புதர்க்காயையும் சேர்த்துச் சமைத்த கறியைக் கம்பு ரொட்டியோடும் நெய்யோடும் அன்று மதியம் சாப்பிட்டேன். மோர் கேட்டுக் கேட்டு ஊற்றினார்கள். 1899-லும் 1900-லும் வந்த பெரும் பஞ்சத்தை மார்வாரில் 'சப்பனியா' என்கிறார்கள், விக்ரம ஆண்டு 1956-ல் வந்ததால். அப்போது வன்னிப் பட்டையை இடித்து மாவாக்கித் தின்று பிழைத்தவர்கள் உண்டு. "என் பாட்டனாருக்கு இந்த மரம்தான் தாய்" என்றார் பாசா. ராஜஸ்தான் அரசு 1983-ல் இதை மாநில மரமாக அறிவித்தது. அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மாடு மேய்ப்பவர் அறிவித்துவிட்டார்.

வறட்சியில் பிழைத்துக்கிடக்க என்ன தேவையோ அதையே ஜம்போஜி பக்தியாக மாற்றினார் என்று இதைச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. மரத்தைக் காப்பதற்குப் பிழைப்புக் காரணம் உண்டு. துணியில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத உயிரைத் தொட்டியில் திருப்பி விடுவதற்கு என்ன பிழைப்புக் காரணம்? அங்கே கணக்கு முடிந்து வேறொன்று தொடங்குகிறது. அந்த வேறொன்றுதான் 1730-ல் இந்த மண்ணில் நின்றது என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டு மார்வார் அரசர் அபய் சிங்குக்குக் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டது. சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும். பாலைவனத்தில் இவ்வளவு வன்னி வேறு எங்கே நிற்கும்? திவான் கிரிதர் பண்டாரியின் தலைமையில் ஆட்கள் கோடரியோடு கேஜர்லிக்கு வந்தார்கள். அம்ருதா தேவி என்ற பெண் வீட்டை விட்டு வெளியே வந்து மரத்தைக் கட்டிக்கொண்டார். கையூட்டுக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்று சொன்னதாகவும், அது தன் தர்மத்துக்கு இழுக்கு என்று அவர் மறுத்ததாகவும், ஒரு தலை போய் ஒரு மரம் பிழைக்குமானால் அது மலிவான பேரம் என்று அவர் கருதியதாகவும் ஊர் சொல்கிறது. அவரை வெட்டினார்கள். அவருடைய மூன்று மகள்கள் ஆசு, ரத்னி, பாகு அடுத்தடுத்து மரங்களைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களையும் வெட்டினார்கள். செய்தி சுற்றியுள்ள பிஷ்னோய் ஊர்களுக்குப் போயிற்று. முதலில் வயோதிகர்கள் வந்தார்கள். பயன்படாத கிழங்களை அனுப்புகிறீர்களா என்று திவான் ஏளனம் செய்யவே இளைஞர்களும் புதுமணத் தம்பதிகளும் வந்தார்கள். 363 பேர் செத்தபின் அரசர் வெட்டை நிறுத்தினார்; பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை விதித்துச் செப்புப் பட்டயம் கொடுத்தார்.

நினைவிடத்தில் ஒரு தூணும் கோயிலும் இருக்கின்றன. சுற்றிலும் மரங்கள். பாத்ரபத மாத வளர்பிறைத் தசமியில் இங்கே பெரிய கூட்டம் கூடும். பெண்கள் தங்கள் பொன்னெல்லாம் அணிந்து வருவார்களாம். 2013 முதல் மத்திய அரசு செப்டம்பர் 11-ஐ தேசிய வனத் தியாகிகள் நாளாக அனுசரிக்கிறது. நான் போனபோது கூட்டம் இல்லை. புறாக்களுக்குக் கம்பு தூவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

அங்கே உட்கார்ந்து நான் யோசித்தது அந்த 245 ஆண்டுகளைப் பற்றி. நியமம் பிறந்த 1485-க்கும் கோடரி வந்த 1730-க்கும் இடைப்பட்ட காலம். எத்தனையோ தலைமுறைகள், எந்த அரசனும் பார்க்காத அடுக்களைகளில், எவரும் புகழாத கைகள் விறகைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஒரு நாள் காலையில் 363 பேர் திடீரென்று வீரர்களாகிவிடவில்லை. எறும்புக்காக ஒரு சுள்ளியைச் சுவரோரம் சாய்த்துவைத்துப் பழகிய கைதான் மரத்தைச் சுற்றி வளைந்தது. பாடப்புத்தகங்கள் அந்த ஒரு நாளை எழுதுகின்றன. அம்ருதா தேவியை நாம் போற்றுவதற்கு நூறு காரணங்கள் உண்டு. அவருடைய மாமியார் வடிகட்டிய துணியையும் சேர்த்துப் போற்ற வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

மாலையில் வெளிமான்கள் வந்தன. கிண்டியிலும் கோடியக்கரையிலும் வேலிக்குள், சரணாலயத்துக்குள் பார்த்த அதே மான். முறுக்கிய கொம்புடன் கருத்த ஆண் ஒன்றும், பழுப்பு நிறப் பெண்மான்கள் பலவும் பாசாவின் கடுகு வயலுக்குள் இறங்கின. பாசா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விரட்டவில்லை. "விளைச்சலில் அவற்றுக்கும் பங்கு உண்டு" என்றார். எவ்வளவு பங்கு என்று கேட்டதற்குக் கையை விரித்தார். நீலகாய் கூட்டம் இறங்கும் இரவுகளில் மட்டும் தகர டப்பாவைத் தட்டிச் சத்தம் எழுப்புவார்களாம். கடன் வாங்கி விதைக்கும் சிறு விவசாயிக்கு இது லேசான விஷயம் அல்ல. பக்கத்து ஊர்களில் மற்ற சமூகத்தார் வயலைச் சுற்றிக் கூர்முனைக் கம்பி போடுகிறார்கள். அந்தக் கம்பியில் மாட்டிக் கிழிபடும் மான்களைத் தூக்கிவர இங்கிருந்து இளைஞர்கள் பைக்கில் போகிறார்கள். தாய் இழந்த குட்டியை வீட்டில் வைத்து வளர்ப்பது இங்கே எல்லோரும் செய்வது. தன் குழந்தைக்குக் கொடுத்த மார்பை மான்குட்டிக்கும் கொடுத்த பிஷ்னோய்ப் பெண்களின் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. பாபியின் மாமியார் அப்படி ஒன்றை வளர்த்தவராம். அதைச் சொல்லும்போது பாபியின் குரலில் பெருமிதம் ஏதும் தெரியவில்லை. ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டியதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இந்த மான்களுக்காக இவர்கள் நாட்டின் மிகப் புகழ்பெற்ற மனிதர்களில் ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 1998 அக்டோபரில், படப்பிடிப்புக்காக ஜோத்பூர் வந்திருந்த நடிகர் சல்மான் கான் காங்காணி ஊரருகே இரவில் இரண்டு வெளிமான்களைச் சுட்டதாக வழக்கு. துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடிவந்து ஜீப்பைத் துரத்தியவர்கள் பிஷ்னோய் கிராமத்தார். சாட்சி சொன்னவர்களும் அவர்களே. 20 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2018 ஏப்ரலில் ஜோத்பூர் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் ஜாமீனில் வந்து மேல்முறையீடு செய்தார். தீர்ப்பைவிட அந்த 20 ஆண்டுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. சாட்சிகள் பிறழ்ந்துபோகும் நாட்டில் இவர்கள் பிறழவில்லை.

இங்கே இறப்பும் மரத்தைக் கேட்டுத்தான் நடக்கிறது. பாசா தன் வயலின் ஒரு மூலையைக் காட்டினார். அவருடைய அப்பாவும் மனைவியும் அங்கே மண்ணுக்குள் இருக்கிறார்கள். பிஷ்னோய்கள் பிணத்தை எரிப்பதில்லை. ஒரு உடலை எரிக்கச் சில நூறு கிலோ விறகு வேண்டும். செத்தவனுக்காக உயிரோடிருப்பதை ஏன் வெட்ட வேண்டும் என்கிறார்கள். பெட்டியும் கிடையாது, பலகையும் கிடையாது. துணியில் சுற்றிக் குழிக்குள் இறக்கி மண்ணை மூடுகிறார்கள். சுற்றிலும் தகனம் செய்யும் இந்துக்கள் வாழும் ஊர்களில், விஷ்ணுவை வணங்கும் ஒரு சமூகம் இதைத் தன் வழக்கமாக ஆக்கிக்கொள்ள எவ்வளவு ஏச்சும் பேச்சும் கேட்டிருக்கும்! நெருப்பு இல்லாமல் கடைத்தேற முடியாது என்று நம்பும் மனிதர்களுக்கு நடுவே, நெருப்பையே விட்டுக்கொடுத்தார்கள். 29 நியமங்களை ஒட்டி வளர்ந்த வழக்கங்களில் இதுதான் கடினமானது என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் என் மனம் ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளை பெற்றவள் 30 நாள் தனித்திருக்க வேண்டும், எந்த வீட்டு வேலையும் செய்யக் கூடாது என்பது, பெற்ற மறுவாரமே களையெடுக்கப் போகும் பெண்கள் வாழும் நாட்டில், ஓய்வாகவே எனக்குத் தெரிந்தது. மாதவிலக்கின் 5 நாள் விலக்கு அப்படித் தெரியவில்லை. பாபியிடம் கேட்டேன். அடுப்பிலிருந்து ஐந்து நாள் விடுதலை என்று அவள் சிரித்தாள். ஆனால் பள்ளிக்குப் போகும் தன் மகளைப் பற்றிப் பேசும்போது அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வசதிப்பட்டபடி இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். நியமத்தை உடைக்கவும் மனமில்லை, மகளைக் கட்டவும் மனமில்லை. இன்னொன்று, நகரத்திலிருந்து பயணிகளை ஜீப்பில் ஏற்றிவந்து 'பிஷ்னோய் கிராமம்' காட்டும் சிலர், அபின் கரைத்துக் கொடுக்கும் மார்வார் சடங்கையும் இதன் பகுதியாகக் காட்டுகிறார்கள். அபினைப் பெயர் சொல்லி விலக்கிய நியமத்தின் ஊரில் இது நடப்பது வருத்தம் தந்தது. பாசா அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

இரவில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் உண்மையான விவாதம் நடந்தது. முதலில் நாய்கள். ஊர்களில் தெருநாய்கள் பெருகிவிட்டன. மழைக்காலத்தில் ஈரமணலில் மானின் குளம்பு புதையும், ஓட முடியாது. நாய்க்கூட்டம் சூழ்ந்துவிடும். ஜோத்பூர் பகுதியில் காயத்தோடு மீட்கப்படும் வெளிமான்களிலும் சின்காரா மான்களிலும் நாய்க்கடி பட்டவை ஏராளம். நாயும் உயிர்தானே? மீந்த ரொட்டியை நாய்க்குப் போடாமல் இந்த வீட்டில் யாரும் தூங்கப் போவதில்லை. அதே நாய் விடியற்காலையில் மானைக் கடிக்கிறது. பேரன் கருத்தடை செய்ய வேண்டும் என்றான். காளைக்கே காயடிக்கக் கூடாது என்ற நியமம் உள்ளவர்கள் நாய்க்கு எப்படிச் செய்வது என்றார் பாசா. பேரன் பதில் தேடினான். கிடைக்கவில்லை. நானும் தேடினேன்.

அடுத்தது சீமைக்கருவேலம். நம் ராமநாதபுரத்தையும் விருதுநகரையும் பிடித்த அதே மரம் இங்கும் பிடித்திருக்கிறது. 'அங்கிரேஜி பபூல்' என்கிறார்கள். ஊர்ப் பொதுத் தரிசு முழுக்க அதுதான். வன்னிக்கு உறவுதான், ஆனால் தன் அடியில் புல்லை விடாது. மான் மேய இடமில்லாமல் செய்யும். பேரனுக்கு அதை வேரோடு பிடுங்க வேண்டும். பாசா ஒப்பவில்லை. பச்சை மரம் என்றால் பச்சை மரம். நல்லது கெட்டது பார்த்து வெட்டலாம் என்று ஒருமுறை தொடங்கிவிட்டால் கோடரிக்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்றார். எனக்கு இரண்டு பேரும் சரியென்று பட்டது. எங்கள் பக்கத்தில் கருவேலத்தை அகற்ற நீதிமன்றம் உத்தரவு போட்ட கதையைச் சொன்னேன். பாசா நிதானமாகக் கேட்டுவிட்டு, "வெட்டிய இடத்தில் என்ன நட்டீர்கள்?" என்றார். பல இடங்களில் ஒன்றும் நடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது.

வன்னி மரங்களே முன்போல் இல்லை. நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டிருக்கிறது. வேரைத் துளைக்கும் வண்டும் பூஞ்சையும் சேர்ந்து நின்ற மரத்தை உலர்த்திவிடுகின்றன. டிராக்டர் கலப்பை ஆழமாகப் போய், தானாக முளைத்த கன்றுகளை அறுத்துவிடுகிறது. இவற்றோடு இப்போது சூரிய மின்சாரம். ஜோத்பூருக்கு வடக்கே பட்லாவில் 2,245 மெகாவாட் பூங்கா. பிகானேர் பக்கத்தில் ஊர் ஊராகப் புதியவை. நிலக்கரியை விட்டொழிக்க இந்த மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பலகை பதிக்கச் சமதளம் வேண்டும், நிழல் விழக் கூடாது. ஆகவே வயலில் நின்ற வன்னி போகிறது. ஜம்போஜி நியமம் கொடுத்த பிகானேர் மண்ணிலேயே இரவோடிரவாக மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிஷ்னோய்கள் தர்ணா இருக்கிறார்கள். மரத்தை வெட்டினால் இப்போதுள்ள அபராதம் நிறுவனங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கடுமையான மரப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. 1730-ல் அரசனுக்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது, அதுவும் நல்ல காரியத்துக்குத்தான் என்று அவன் நினைத்திருப்பான் என்றான் பேரன்.

அவன் அன்றிரவே பிகானேர் தர்ணாவுக்குக் கிளம்புவதாக இருந்தான். இரண்டு நாளில் அமாவாசை. அன்று விரதம், வயல்வேலை கிடையாது, ஆகவே பந்தலில் கூட்டம் அதிகம் இருக்குமாம். சாலை வரை கொண்டுவிட நண்பன் பைக்கில் வந்து ஒலி எழுப்பினான். பாபி கம்பு ரொட்டியையும் சாங்கிரியையும் துணியில் கட்டிக் கொடுத்தாள், வெளியில் வாங்கிச் சாப்பிடாதே என்று சொல்லி. பாசா செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, காவல்துறை தள்ளினாலும் கை ஓங்காதே, வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது, அதுவும் 29-ல் இருக்கிறது என்றார். போன வாரம் நாய் கடித்த சின்காராக் குட்டிக்குக் காலையில் யார் மருந்து போடுவது என்று பேரன் கேட்டான். நான் போடுகிறேன் என்றாள் அவன் தங்கை.